கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில் லியோ உணவகத்துக்குச் சாப்பிடப் போகிறீர்களா?

2022-இல் உலகின் சிறந்த பெண் சமையல் கலைஞராகத் தேர்வான லியோனோர் எஸ்பினோசாவின் உணவகம் லியோ. அமேசான் காடு, பசிபிக் கரை என்று கொலம்பியாவின் பல மூலைகளிலிருந்தும் வரும் பொருள்கள்தான் அங்கே தட்டுக்கு வரும். அதனால் மேசை பதிவு செய்யும்போதே எதெல்லாம் சாப்பிட மாட்டீர்கள் என்று சொல்லிவிடுங்கள். சைவம் என்றால் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இதுபோன்ற இடங்களில் கொலம்பியாவின் சாந்தாந்தேர் பகுதியின் பெரிய எறும்பு உணவுப் பட்டியலில் இருந்தால் தயவுசெய்து ஒதுக்காதீர்கள். உப்பு போட்டு வறுத்தது, கடித்தால் மொறுமொறுவென்று கடலை வாசனை வரும். எனக்கு ரொம்பவும் பிடித்தது.

கரும்புச் சாற்றில் வடிக்கும் பசிபிக் கரையின் வீச்சே என்ற மதுவை மட்டும் மெதுவாகக் குடியுங்கள். ஊரே சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் இருப்பதால் புதிதாக வந்தவர்களுக்குச் சீக்கிரம் தலை சுற்றும். வந்திறங்கிய அன்றே இவ்வளவு நீண்ட விருந்து வேண்டாம், ஓரிரு நாள் போகட்டும்.

அப்புறம், பில் கொடுக்கும் முன் டிப்ஸ் சேர்க்கலாமா என்று கேட்பார்கள். வழக்கமாக 10 சதவீதம். சட்டப்படி அது உங்கள் விருப்பம்தான், ஆனால் நல்ல உபசரிப்புக்கு மனதாரச் சரி சொல்லுங்கள்.