கிரீச்சிடும் துறவி நண்டு: வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் தொட்டி அமைக்கும் முறை

சீறும் டாரன்டுலா சிலந்தியின் காணொளியைப் பார்த்துவிட்டு “இது இங்கே எங்கே கிடைக்கும்?” என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே ஒன்று: சிங்கப்பூரில் டாரன்டுலா வளர்க்க அனுமதி இல்லை. டெலிகிராமில் வாங்கினாலும் ஜோகூரிலிருந்து டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தாலும் குற்றம்தான். ‘சிங்கப்பூர் புளூ’ என்று நம் ஊர்ப் பெயரையே சுமக்கும் டாரன்டுலா இனம் ஒன்று உண்டு. 1924-லேயே அறிவியல் பெயர் சூட்டப்பட்ட இனம். அதற்கும் இதே விதிதான்.

வீட்டில் வளர்க்கத் தேசியப் பூங்காக் கழகம் அனுமதிக்கும் பிராணிகளின் பட்டியலில், காலி நத்தை ஓட்டைச் சுமந்துகொண்டு நிலத்தில் வாழும் துறவி நண்டு இருக்கிறது. கடைகளில் ஹெர்மிட் கிராப் என்று கேளுங்கள். சிலந்தி சீறுவது போலவே இதுவும் தொண்டையில்லாமல் சத்தம் போடும். தென்னமெரிக்காவின் கோலியாத் டாரன்டுலா கால்களில் உள்ள முள்போன்ற மயிர்களை ஒன்றோடொன்று உரசிச் சீறுகிறது. துறவி நண்டும் உடம்பின் கடினமான பாகங்களை உரசித்தான் ‘கிரீச்’ என்கிறது. ருகோசஸ் என்ற துறவி நண்டு இனத்தின் பெரிய இடது கொடுக்கைச் சாய்த்துப் பாருங்கள், தையல் போட்டதுபோல வரிசையாகச் சிறு மேடுகள் தெரியும்.

இரண்டுமே பாட்டுப் பாடுவதில்லை, “என்னை விடு” என்கின்றன. அதனால் நண்டைச் சத்தம் போட வைப்பது இந்தக் குறிப்பின் நோக்கம் அல்ல. சத்தம் வந்தால் தொட்டியில் எது சரியில்லை என்று கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

படி 1: தொட்டி

இரண்டடிக் கண்ணாடித் தொட்டி (60 × 30 × 36 செ.மீ.) சிறிய நண்டுகள் மூன்றுக்குப் போதும். ஒற்றை நண்டு வேண்டாம், இவை கூட்டமாக வாழ்பவை. நண்டோடு சேர்த்து விற்கும் கம்பிக் கூண்டும் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் பெட்டியும் பணத்துக்குக் கேடு, நண்டுக்கும் கேடு. பணம் இடித்தால் ஐக்கியாவின் 45 லிட்டர் சம்லா பெட்டியும் மூடியும் வாங்குங்கள், கூண்டைவிட எவ்வளவோ மேல்.

மூடி கண்ணாடியாகவோ அக்ரிலிக்காகவோ இருக்கட்டும். வலை மூடி என்றால் முக்கால் பாகத்தைக் கிளிங் ராப் ஒட்டி அடையுங்கள். காரணம் இதுதான்: துறவி நண்டு செவுள்களால் மூச்சு விடுகிறது. செவுள் காய்ந்தால் மெல்ல மெல்லத் திணறும், பல நாள்கள் எடுத்துக்கொண்டு சாகும். ‘நேற்றுவரை நன்றாகத்தான் இருந்தது’ என்ற புலம்பல் பலவற்றின் பின்னால் இருப்பது இந்த வறட்சிதான்.

தொட்டியை அதன் நிரந்தர இடத்தில் வைத்துவிட்டுத்தான் மணலைக் கொட்ட வேண்டும். படி 4-இல் எடைக் கணக்கைப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

படி 2: ஈரப்பத மானி (பலரும் சறுக்கும் இடம்)

தொட்டிக்குள் வேண்டியது 75 முதல் 85 விழுக்காடு ஈரப்பதம், 24 முதல் 29 பாகை வெப்பம். நம் ஊரில் ஹீட்டர் தேவையில்லை. “வெளியிலேயே புழுக்கமாகத்தானே இருக்கிறது, மானி எதற்கு?” என்று விட்டுவிடாதீர்கள். ஏர்கான் ஓடும் படுக்கையறை இரவெல்லாம் காய்ந்து கிடக்கும். நண்டு சுறுசுறுப்பாக நடமாடுவதும் இரவில்தான்.

மலிவு மானிகளின் முள் ஒட்டிக்கொண்டு நிற்கும், அதனால் டிஜிட்டல் வாங்குங்கள். டிஜிட்டலையும் அப்படியே நம்பக் கூடாது. சமையல் உப்பை ஒரு பாட்டில் மூடியில் நிரப்பி, சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரையக் கூடாது, ஈரமணல் மாதிரி இருக்க வேண்டும். அந்த மூடியையும் மானியையும் ஒரு ஜிப்லாக் பையில் வைத்துக் காற்றுப் போகாமல் மூடி எட்டு மணி நேரம் விடுங்கள். ஈர உப்பு மூடிய இடத்தின் ஈரப்பதத்தை 75-இல் நிறுத்தும். மானி 68 காட்டினால் அது 7 குறைவாகக் காட்டுகிறது என்று பொருள். 7 கூட்ட வேண்டும் என்று ஸ்டிக்கரில் எழுதி மானியின் முதுகிலேயே ஒட்டிவிடுங்கள்.

மானியை மணல் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டுங்கள், நண்டு மூச்சு விடுவது அங்கேதான். கூரையருகே ஒட்டினால் வேறு கதை சொல்லும்.

படி 3: இரண்டு தண்ணீர்

குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும் என்பது பழைய பாடம். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் கிருமியழிக்க இருப்பது குளோரமின், அது அப்படிப் பறக்காது. மீன் கடையில் விற்கும் நீர்த் திருத்தி கட்டாயம் வேண்டும், போத்தலில் ‘குளோரமின்’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். சீகெம் பிரைம் என்றால் 2 லிட்டருக்கு ஒரு சொட்டு. சின்ன போத்தலே ஆண்டுக்கணக்கில் வரும்.

கிண்ணம் இரண்டு. ஒன்றில் திருத்திய நன்னீர். மற்றதில் அதே நீரில் லிட்டருக்கு 35 கிராம் கடல் மீன் தொட்டி உப்பு கரைத்தது. சமையல் உப்பு கூடாது. நன்னீர் மீனுக்கு மருந்தாகப் போடும் ‘அக்குவேரியம் சால்ட்’டும் கூடாது, அதில் கடல்நீரின் மற்றத் தாதுகள் இருக்காது. பையில் ‘மரின்’ அல்லது ‘ரீஃப்’ என்று இருக்க வேண்டும். நண்டு இரண்டு கிண்ணத்திலும் இறங்கி, ஓட்டுக்குள் தண்ணீர் சேமித்து, தனக்கு வேண்டிய உப்பளவைத் தானே சரிசெய்துகொள்ளும்.

பெரிய நண்டு ஓட்டோடு முங்கும் ஆழம் வேண்டும். ஏறி வர ஒரு பக்கம் கூழாங்கல் அடுக்குங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை கிண்ணத்தைக் கழுவித் தண்ணீர் மாற்றினால் நாற்றமும் இல்லை, கொசுப்புழுவும் இல்லை. சோதனைக்கு வரும் தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரியிடம் ‘இது நண்டுக் குளம்’ என்று விளக்கிக்கொண்டிருக்கவும் வேண்டாம்.

படி 4: மணல்

ஐந்து பங்கு மணல், ஒரு பங்கு தென்னை நார்த்தூள். ஆழம் குறைந்தது 15 செ.மீ., அல்லது மிகப் பெரிய நண்டின் உயரத்தைப் போல மூன்று மடங்கு. இரண்டில் எது அதிகமோ அது.

இரண்டடித் தொட்டிக்கு 15 செ.மீ. ஆழம் என்றால் 27 லிட்டர். அதில் மணல் 22.5 லிட்டர், கிட்டத்தட்ட 36 கிலோ. நனைத்தால் படியும், அதனால் 40 கிலோ வாங்குங்கள். கண்ணாடியும் ஈரமும் சேர்ந்து 50 கிலோவைத் தாண்டிவிடும். புத்தக அலமாரித் தட்டு தாங்காது.

குழந்தைகள் விளையாடும் மணலே போதும். ‘ஊர்வனவற்றுக்கு’ என்று விற்கும் கால்சியம் மணல் நனைந்தால் சிமென்ட் போல இறுகும், நண்டால் தோண்ட முடியாது. நார்த்தூளில் உரம் கலந்திருக்கக் கூடாது. நர்சரியில் செடிக்கு விற்கும் பையைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள். 650 கிராம் நார்த்தூள் கட்டி ஒன்றே போதும், மிச்சமும் இருக்கும்.

கலவையை வாளியில் போட்டு, கடல் உப்பு நீரையே கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசையுங்கள். உப்பு என்றவுடன் சமையலறைக்குப் போகாதீர்கள், படி 3-இல் கரைத்த அதே நீர்தான். கைப்பிடி அளவு எடுத்து அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. தொட்டியில் நிரப்பிய பிறகு ஆள்காட்டி விரலை அடிவரை குத்தி எடுங்கள். துளை சரியாமல் நின்றால் நண்டின் சுரங்கமும் நிற்கும்.

ஈரப்பதம் குறைந்தால் மணல் மேல் தண்ணீர் தெளிக்கும் பழக்கம் ஒன்று இருக்கிறது. தெளித்த நீர் முழுதும் அடியில் போய்த் தேங்கும். இரண்டு வாரத்தில் கண்ணாடியின் அடிப்பக்கம் கறுப்புக் கோடு விழும், அழுகிய முட்டை வாடை வரும், புதைந்திருக்கும் நண்டு மூழ்கும். பிழை மூடியில்தான் இருக்கும். முதலில் இடைவெளியை அடையுங்கள்.

படி 5: ஓடுகள்

ஒரு நண்டுக்கு மூன்று காலி ஓடு. வாய் வட்டமான டர்போ (ஒரு கடல் நத்தை) ஓடுகள் நல்லது. இப்போதிருக்கும் ஓட்டின் வாயை அளந்து, அதே அளவில் ஒன்றும் 2, 3 மி.மீ. பெரியதாக இரண்டும் வையுங்கள். திருத்திய நீரில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்ட பிறகே தொட்டிக்குள் போடலாம்.

கால்பந்துக் கொடியும் கார்ட்டூனும் வரைந்த ஓடு வேண்டாம். வண்ணம் உரியும், நண்டு அதைத் தின்னும். கடல் உணவுக் கடையில் சாப்பிட்ட கோங் கோங் நத்தையின் ஓட்டைக் கழுவி எடுத்துவருவதும் வீண்தான், வாய் நீளக் கீறலாக இருக்கிறது, நண்டு புகாது. கடற்கரையில் பொறுக்கவும் வேண்டாம், அங்கே வாழும் துறவி நண்டுகளுக்கே ஓட்டுப் பஞ்சம்.

படி 6: தீனி

தேங்காய்ச் சில்லு, உப்பில்லாத இறால் கருவாடு, நன்றாகக் கழுவிய முருங்கைக்கீரை, வேகவைத்த முட்டை, கணவாய் ஓடு. தேக்கா மார்க்கெட்டில் ஒரு சுற்றில் எல்லாம் முடிந்துவிடும். இக்கான் பிலிஸ் (நெத்திலிக் கருவாடு) போட ஆசையென்றால் ஊறவைத்து உப்பை எடுத்துவிடுங்கள். கடைத் தீனியில் காப்பர் சல்பேட் இருந்தால் வாங்காதீர்கள். மாலையில் வைத்ததைக் காலையில் எடுத்துவிட வேண்டும்.

படி 7: சத்தத்தைப் படிப்பது

முதலில் பல்லியை ஒதுக்குங்கள். இரவில் ‘ச்சிக் ச்சிக்’ என்று சீராக ஐந்தாறு முறை கேட்டால் அது சுவர்ப் பல்லி. நண்டின் சத்தம் ஈரக் கண்ணாடியில் விரலைத் தேய்த்தது போல, சீரில்லாமல், விட்டு விட்டு வரும். சந்தேகம் இருந்தால் கைப்பேசியைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து ஒலிப்பதிவு செய்யுங்கள்.

எடுத்துக் கையில் வைத்ததும் கிரீச்சிட்டால் கீழே விடுங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது ஒருமுறை கிரீச் என்றால் அது பேருந்தில் காலை மிதித்த கதை, கவலை வேண்டாம். ‘டக் டக் டக்’ என்று ஓட்டோடு ஓடு மோதும் ஒலியும் கிரீச்சும் கலந்து வந்தால் ஓட்டுச் சண்டை. ஒன்று மற்றதை வெளியே இழுத்துப்போடப் பார்க்கிறது. மெதுவாகப் பிரித்துவிட்டு அன்றைக்கே புது ஓடுகளைச் சேருங்கள், ஓடில்லாத நண்டு சீக்கிரம் காய்ந்துவிடும்.

மணலுக்கு அடியிலிருந்து கிரீச் வந்தால் கை வைக்காதீர்கள். தோலுரிக்கப் புதைந்திருக்கும் நண்டின் மேல் இன்னொன்று இடித்திருக்கும். தோண்டிப் பார்த்து, சுரங்கம் சரிந்து, புதுத் தோல் இறுகாத நண்டு நசுங்குவதுதான் புதியவர்கள் வீட்டில் அடிக்கடி நடக்கும் சாவு. தோலுரித்து மேலே வர, கட்டைவிரல் நக அளவு நண்டுக்கு இரண்டு முதல் நான்கு வாரம், கோல்ஃப் பந்து அளவுக்கு ஆறு முதல் எட்டு வாரம், சில சமயம் இன்னும் கூட ஆகும். நாற்காட்டியில் தேதியைக் குறித்துவிட்டு மறந்துவிடுங்கள்.

பின்னர் சேர்த்தவை

“மேலே செத்துக் கிடக்கிறது” என்று படம் அனுப்புபவர்கள் முதலில் ஒரு குச்சியால் அதைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே வெற்றாக, தாள் போல லேசாக இருந்தால் அது உரித்த தோல். தொட்டியிலேயே விடுங்கள், நண்டு அதைத் தின்றுதான் சுண்ணாம்பை மீட்கும். செத்திருந்தால் அழுகிய மீன் வாடை காட்டிக்கொடுக்கும். வாடை இல்லாதவரை முடிவு கட்ட வேண்டாம்.

கடையிலிருந்து வந்த மறுநாளே மூன்றும் புதைந்துவிட்டன என்பது குறையல்ல. பயணக் களைப்பு நீங்கவே அப்படிச் செய்யும். தண்ணீரும் தீனியும் மாற்றிக்கொண்டே இருங்கள்.

புளோக்கில் கொசுப்புகை அடிக்கும் அறிவிப்பு ஒட்டியிருந்தால் சன்னல்களைச் சாத்தி, தொட்டியை ஈரத் துண்டால் மூடுங்கள். பூச்சியைக் கொல்வது நண்டையும் கொல்லும். கொசுவர்த்தியும் ஏரோசலும் தொட்டி இருக்கும் அறையில் எந்த நாளும் வேண்டாம். புகை அடித்து முடிந்ததும் சன்னலைத் திறந்து அரை மணி காற்றோட்டம் விட்ட பிறகு துண்டை எடுத்து, இரண்டு கிண்ணத் தண்ணீரையும் மாற்றிவிடுங்கள்.