துளசி மாடம்: செடி பட்டுப்போகாமல் தினசரி பூஜை செய்ய

துளசி வாடினால் வீட்டுக்கு ஆகாது என்று பயந்து இன்னும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுகிறோம். பெரும்பாலும் அந்தத் தண்ணீர்தான் வேரை அழுக வைக்கிறது. பூஜைக்கு வேண்டியது வேறு, செடிக்கு வேண்டியது வேறு. இரண்டையும் பிரித்துக்கொண்டால் துளசி தழைக்கும்.

முதலில் மாடம். விற்பனைக்கு வரும் சிமெண்ட் மாடங்கள் பலவற்றில் அடித்துளை இருக்காது. அதில் நேராக மண் போட்டு நடாதீர்கள். 10 அங்குல மண்தொட்டி உட்காரும்படியான மாடமாகப் பார்த்து வாங்கி, செடியைத் தொட்டியில் நட்டு உள்ளே வையுங்கள். மாடத்தின் அடியிலும் அரை அங்குலத் துளை இரண்டு போடச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் தொட்டியைவிட மண்தொட்டியே மேல், அதன் சுவர் வழியே ஈரம் வெளியேறும்.

துளைமேல் ஓட்டுச்சில்லு ஒன்றைக் கவிழ்த்து வைத்து, செம்மண் 2 பங்கு, மக்கிய தொழுஉரம் 1 பங்கு, மணல் 1 பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு கலந்து நிரப்புங்கள். திசை பார்ப்பதற்கு முன் வெயில் பாருங்கள். நாளுக்கு 5, 6 மணி நேரமாவது நேர்வெயில் விழ வேண்டும்.

இனி தண்ணீர். வேரில் எல்லாத் தீர்த்தங்களும் உறைவதாகத் துதிக்கப்படும் செடி இது. பூஜைக்குப் பஞ்சபாத்திரத்திலிருந்து ஓர் உத்தரணி (சிறு பூஜைக் கரண்டி) தீர்த்தம் விட்டாலே போதும். செடிக்கான தண்ணீரைத் தனியே, விரலை மண்ணில் இரண்டு கணு அளவு விட்டுப் பார்த்தபின் ஊற்றுங்கள். விரலில் ஈரமண் ஒட்டி வந்தால் இன்று வேண்டாம். வந்த மண் உதிரியாக இருந்தால், துளை வழியே வடியும்வரை ஊற்றலாம். கோடையில் தினமும் தேவைப்படும், ஐப்பசி மழையில் வாரக்கணக்கில் தேவைப்படாது.

வேரில் பால் ஊற்றாதீர்கள். பாலுக்கு எறும்பு வரும், எறும்பு மாவுப்பூச்சியைக் காத்து வளர்க்கும். இலைக்காம்பில் வெள்ளைப் பஞ்சு மாதிரி தெரிந்தால் ஈரத்துணியால் துடைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். மறுநாள் கழுவாமல் இலை பறிக்க வேண்டாம். மஞ்சள் குங்குமத்தை மாடத்தின் முகப்பில் இடுங்கள், தண்டில் வேண்டாம். அகல் மாடக்குழியில் இருக்கட்டும். செடியடியில் ஏற்றினால் சூட்டில் இலை கருகும், எண்ணெய் மண்ணில் இறங்கும்.

பலரும் தவறவிடுவது கதிர் கிள்ளுவதை. பூத்து விதை கட்ட விட்டால் செடி தழைப்பதை நிறுத்தி, இலை சிறுத்து, தண்டு கட்டையாகிவிடும். கதிர் ஒரு விரற்கணு நீளம் வந்ததும், அதன் கீழுள்ள ஜோடி இலைகளோடு சேர்த்துக் கிள்ளுங்கள். கிள்ளிய இடத்துக்குக் கீழுள்ள கணுவில் இரண்டு துளிர் கிளம்பும். கிள்ளிய கதிர் வீணில்லை. அதுதான் மஞ்சரி, பெருமாளுக்கு மிக உகந்தது.

குளித்தபின் காலையில், நகம் படாமல் பறிப்பது வழக்கம். துவாதசி, அமாவாசை, பௌர்ணமி நாட்களில் பறிப்பதில்லை. முதல் நாளே பறித்து ஈர வாழையிலையில் சுருட்டி வையுங்கள். துளசிக்குப் பழசாகும் தோஷம் இல்லை. பிள்ளையாருக்கு அன்றாடம் துளசி சாற்றும் வழக்கம் இல்லை, விநாயகர் சதுர்த்தியன்று மட்டும் உண்டு.

பின்சேர்க்கை: "எல்லாம் செய்தும் மூன்றாம் வருஷம் காய்ந்துவிட்டது" என்று சிலர் வருந்தி எழுதியிருந்தார்கள். அது உங்கள் தவறில்லை. தொட்டித் துளசிக்கு ஆயுசு இரண்டு மூன்று வருஷம்தான். இரண்டு கதிர்களை மட்டும் பழுப்பேறும்வரை விட்டு, உதிரும் விதையை மணலோடு கலந்து மண்மேல் தூவி, மேலே மெல்லிசாக மண் தூற்றுங்கள். ஆழப் புதைத்தால் முளைக்காது. ஒன்றிரண்டு வாரத்தில் முளைவிடும். நான்கு இலை வந்ததும் சிறு தொட்டிக்கு மாற்றி, மாடத்துக்குப் பக்கத்திலேயே வெயிலில் வளர்த்து வையுங்கள்.