வியூஃபைண்டரில் இல்லாத நாணல் படத்தில் வந்த கதை

மூன்று நாள் விடிகாலை ஒரே ஏரிக்கரை. ஒவ்வொரு முறையும் கணினியில் பார்த்தால் கீழ் மூலையில் கருப்பாக ஒரு நாணல் கற்றை, எடுக்கும்போது சத்தியமாக அது கண்ணில் படவே இல்லை. ஓரத்தை வெட்டினேன், கூடவே நான் விரும்பிய பாறையும் போனது. பக்கத்து நீரை நகலெடுத்து அதன் மேல் ஒட்டி மறைத்தேன் (குளோன்), அலைகள் திட்டுத்திட்டாக ஆயின. அகல லென்ஸ் மாட்டினால் இன்னும் நாலு தண்டு உள்ளே வந்தது!

அப்புறம்தான் உறைத்தது. டிஎஸ்எல்ஆர் கேமராவின் வியூஃபைண்டரில், அதாவது கண் வைத்துப் பார்க்கும் ஜன்னலில், பார்க்கும்போது லென்ஸின் துளை முழுதாகத் திறந்தே இருக்கும், என்னுடையதில் எஃப்/2.8 (இந்த எண் கூடக்கூடத் துளை சிறிதாகும்), ஷட்டரை அழுத்தும் நொடியில்தான் நான் வைத்த எஃப்/16க்குச் சுருங்கும். துளை பெரிதாக இருந்தால் ஃபோகஸுக்கு வெளியே இருப்பது மிகவும் மங்கும், சுருங்கினால் தெளியும். அதனால் லென்ஸுக்கு மிக அருகில் இருக்கும் தண்டு பார்க்கும்போது மங்கிக் கரைந்துவிடுகிறது, படத்தில் மட்டும் உருவம் எடுக்கிறது.

லென்ஸ் பக்கத்தில் இருக்கும் டெப்த் ஆஃப் ஃபீல்ட் பிரிவியூ பட்டனை (இத்தனை வருடத்தில் தொட்டதே இல்லை) அழுத்தினேன்; படம் எடுக்கும் முன்பே துளையைச் சுருக்கிக் காட்டும் பட்டன் அது. காட்சி இருண்டது, கண் பழகச் சில நொடி ஆனது, பிறகு மூலையில் நாணல் தெளிவாக நின்றது. டிரைபாடை ஒரு முழம் முன்னால் நகர்த்தியதும் அது லென்ஸுக்குப் பின்னால் போய்விட்டது. சரி, இப்போது நாலு மூலையையும் அந்தப் பட்டனை அழுத்திப் பார்க்காமல் எடுப்பதில்லை.