நாய் முடியும் வாக்குவம் கிளீனரும்

வீட்டில் லாப்ரடார் வளர்ப்பவர்களுக்குத் தெரியும், பெருக்கி முடித்துத் துடைப்பத்தைச் சாத்தி வைப்பதற்குள் சோபா காலடியில் மறுபடி ஒரு முடி உருண்டை உட்கார்ந்திருக்கும். வாக்குவம் கிளீனர் வாங்கப் போனால் வாட்ஸ் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள், அது மின்சாரம் இழுக்கும் கணக்குதான், உறிஞ்சும் வேகம் இல்லை. டைல்ஸ் தரை மட்டும் என்றால் குழாய் நுனியில் மாட்டும் சாதாரண தலையே போதும். கார்ப்பெட், மெத்தை இருந்தால் மோட்டாரில் சுழலும் பிரஷ் வைத்ததாகப் பாருங்கள், யாருக்காவது தும்மல், இழுப்பு இருந்தால் நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டரும் வேண்டும். ஃபில்டரைக் கழுவினால் 24 மணி நேரமாவது காயவிட்டு மாட்டுங்கள். நான் அவசரப்பட்டு ஈரத்தோடு மாட்டி, வீடெல்லாம் நனைந்த நாய் வாடை!

பிரஷில் சுற்றிய முடியைப் பிடித்து இழுக்காமல், பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கத்தரிக்கோலை நீளவாக்கில் ஓட்டி வெட்டினால் வளையம் வளையமாகக் கழன்று வரும். அப்புறம், சோபாவுக்கு மெஷினே வேண்டாம். பாத்திரம் கழுவும் ரப்பர் கிளவுஸை லேசாக நனைத்து ஒரே பக்கமாகத் தடவுங்கள், முடி திரிதிரியாகச் சேரும். இதையெல்லாம்விட, நாயை மொட்டைமாடியில் உட்கார வைத்துத் தினமும் 10 நிமிடம் சீவிவிட்டால் பாதி முடி வீட்டுக்குள்ளேயே வராது.