கும்மிக்கும் களியலுக்கும் வயலின், மாண்டலின் வாசிக்கிறப்போ நாம பண்ற தப்புகள்

நாரோயில் (நாகர்கோவில்) பக்கம் ஸ்கூல் ஆண்டு விழா, சர்ச்ல கிறிஸ்மஸ் புரோகிராம்னா கும்மியோ, கம்பு அடிச்சு ஆடுற களியலோ ஒண்ணு மேடை ஏறுது, அதுக்கு நம்ம பசங்க வயலின், கிட்டார், மாண்டலின்னு தூக்கிட்டு வர்றத பாக்க அவ்ளோ சந்தோஷமா இருக்கு. ஆனா ஆடுற ஆள மறந்துட்டு வாசிக்கிறோம், எல்லா தப்பும் அங்கதான் ஆரம்பிக்குது.

இடைவெளிய நிரப்புறது ரொம்ப பெரிய தப்பு. களியல்ல விளக்க சுத்தி நின்னு கம்பு அடிக்கிறாங்க இல்லையா, அந்த 'டக்' சத்தமும் பாட்டுல ஒரு பங்குதான். ஒரு கிறிஸ்மஸ் நிகழ்ச்சிக்கு ரிகர்சல், வரி முடியுற இடத்துல எல்லாம் நான் வயலின்ல ஒரு சங்கதி (மெட்ட கொஞ்சம் மாத்தி அலங்காரமா வாசிக்கிறது) போட்டுட்டே வந்தேன். ஆட்டத்த நடத்துற ஆசான் பாதியில தாளத்த நிறுத்திட்டு, "மக்களே, நீ அங்க வாசிச்சா பிள்ளைய கம்பு அடிக்கது எப்படி கேக்கும்?"னு கேட்டாரு. அப்பத்தான் கவனிச்சேன், கடைசில நின்ன ரெண்டு சின்ன பசங்க பக்கத்து ஆளோட கம்ப கண்ணால பாத்து பாத்து அடிச்சிட்டு இருந்தாங்க. சங்கதிய எடுத்துட்டு ஒரே ஸ்வரத்தோட வில்ல தூக்கிட்டேன், அடுத்த சுத்துல கம்பு எல்லாம் ஒண்ணா விழுந்துது.

அடுத்தது கை போற திசை. கும்மி பெரும்பாலும் திஸ்ரம், தகிட தகிடன்னு மூணு மூணா வரும். மாண்டலின்ல பிக்க (கம்பிய மீட்டுற சின்ன தகடு) கீழ மேல கீழ மேலன்னு மாத்தி மாத்தி அடிச்சா ரெண்டாவது தகிடவோட 'த' மேல் அடியில மாட்டிக்கும், அழுத்தம் போயிடும், கைதட்டு விழுற இடத்துல ட்யூன் தொய்ஞ்சு நிக்கும். கீழ-மேல-கீழ, திரும்ப கீழ-மேல-கீழன்னு பழகுங்க, ஒரு வாரம் கை மக்கர் பண்ணும், அப்புறம் தானா வந்துடும். வயலின்ல நெடில் குறில்னு வர்ற இடத்துல நெடிலுக்கு கீழ் வில், குறிலுக்கு மேல் வில் போட்டா போதும். நம்ம வில்லுப்பாட்டுல வீசுகோல் (வில்ல அடிக்கிற குச்சி) நாண்ல விழுந்து மணி குலுங்குறத பாருங்க, அங்க நாணே தாளம் போடுது, கிட்டார்காரங்க கம்பிய லேசா அமுக்கிட்டு தட்டினா கிட்டத்தட்ட அந்த வேலைய பாக்கலாம்.

கார்ட் (ஒண்ணா சேத்து அடிக்கிற ஸ்வரங்கள்) விஷயத்துல நிறைய பேர் சறுக்குறாங்க. செஞ்சுருட்டி ராகத்துல மெட்டு ஒண்ணு எடுக்குறீங்க, ஸட்ஜம் (ஸ) 2 கட்டை சுருதி, அதாவது டி (D). அப்போ அதோட கைசிகி நிஷாதம் (இந்த ராகத்துல வர்ற நி) சி (C). பழக்க தோஷத்துல பஞ்சமத்துக்கு (ப) ஏ மேஜர் பிடிச்சா அதுல சி ஷார்ப் இருக்கு, பாட்டுல சி வர்றப்போ ரெண்டும் முட்டும், என்னமோ சரியில்லன்னு பாடுறவங்க முழிப்பாங்க. ஏ மைனர் பிடிங்க, இல்ல சி மேஜர். அதுவும் வேண்டாம்னா டி, ஏ ரெண்டு கம்பியயும் திறந்து விட்டுட்டு தம்புரா மாதிரி மீட்டிட்டே இருங்க, எனக்கு அதுதான் பிடிக்கும்.

புன்னாகவராளி, நாதநாமக்கிரியை மாதிரி ராகங்கள் நிஷாதத்துக்கு மேல போகாது, மேல் ஸட்ஜத்த தொடாமலே முழுப் பாட்டும் முடிஞ்சிடும். சின்னதா இருக்கேன்னு கடைசி சரணத்த மேல் ஸ்தாயில தூக்கி வாசிச்சா அந்த மெட்டோட முகமே மாறிடும்.

சுருதிய நமக்கு வசதியான கம்பிக்கு வைக்காதீங்க, பாடுற அக்காமார்கிட்ட முதல்ல கேளுங்க. அஞ்சரை கட்டைன்னு சொன்னா கிட்டாருக்கு முதல் ஃப்ரெட்ல கேப்போ (கம்பிகள அமுக்கிப் பிடிக்கிற கிளிப்), வயலினயும் மாண்டலினயும் அரை கட்டை ஏத்தி சீக்கிரமே சேத்து வச்சிடுங்க.

மெட்ரோனோம், ரிதம் பேட் லூப் எல்லாம் வீட்டுல பயிற்சிக்கு ஓகே. களியல் மெதுவா தொடங்கி ஆசான் வேகத்த ஏத்திட்டே போவாரு, லூப் ஏறுமா? அவரோட கையில இருக்குற குழித்தாளத்த (சின்ன ஜால்ரா) பாக்குற மாதிரி உக்காருங்க, ஷீட் பாத்து வாசிக்கிறவங்க ஸ்டாண்ட கொஞ்சம் தாழ்த்தி வச்சா போதும்.

கும்மியில ஒருத்தர் பாட மத்தவங்க திருப்பி பாடுவாங்க, அதனால முதல் வரிக்கு ஒரு வயலின் மட்டும், திருப்பத்துக்கு எல்லாரும். ஆரம்பத்துல இருந்தே எல்லாரும் இழுத்தா அந்த அழகு தெரியாது.

கடற்கரை ஊர்ல திறந்த மேடைன்னா உப்புக் காத்துல ஸ்டீல் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், வாசிச்சு முடிச்சதும் காஞ்ச துணியால துடைச்சுட்டு பெட்டிய மூடுங்க. ஒரு செட் கம்பி எக்ஸ்ட்ரா பையில இருக்கட்டும், விளக்கு ஏத்துறதுக்கு முன்னாடி இன்னொரு தடவ சுருதி பாத்துக்கோங்க.