ஆடிப் பட்டம் இங்கே செல்லாது: பட்டாணியும் பிராட் பீன்ஸும் விதைக்கும் காலம்

‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்று பாட்டி சொன்னதை நம்பித் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பாத்தி கட்டினால் ஏமாற்றமே மிஞ்சும். தமிழ்நாட்டில் ஆடி என்பது மழையை எதிர்பார்த்து விதைக்கும் மாதம். நாம் இங்கே மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் ஆடியோ, நேட்டால் கடற்கரைக்கு ஆண்டிலேயே குளிர்ந்ததும் வறண்டதுமான காலம். குளிரை விரும்பும் பட்டாணிக்கும் பிராட் பீன்ஸுக்கும் இங்குள்ள பட்டம் சித்திரையில், அதாவது ஏப்ரல் நடுவில், தொடங்குகிறது.

முதலில் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இந்திய ஆங்கிலத்தில் பிராட் பீன்ஸ் என்றால் பெரும்பாலும் நம் அவரைக்காய்தான். அது வெப்பத்தில் தழைக்கும் கொடி. இங்குள்ள விதைக் கடைகளில் அதே பெயரில் கிடைப்பது வட இந்தியர் பாக்லா என்று அழைக்கும் வேறொரு செடி. அது கொடியாகப் படராமல் சதுரத் தண்டோடு நிமிர்ந்து நிற்கும். கருப்புப் புள்ளியிட்ட வெள்ளைப் பூ பூக்கும். உறையின் மேலுள்ள பெயரை மட்டும் பார்த்து வாங்கி, அவரைக்குரிய பட்டத்தில், கோடையின் தொடக்கத்தில், விதைத்துவிட்டுக் காயே பிடிக்கவில்லை என்று வருந்தியவர்களில் நானும் ஒருவன்.

இரண்டு பயிர்களுக்கும் விதைக்கும் நாளைப் பின்னோக்கி எண்ணி முடிவு செய்வதே என் வழக்கம். வெப்பநிலை 27 டிகிரியைத் தாண்டத் தொடங்கினால் பட்டாணிப் பூ காயாக மாறுவது குறைகிறது. பிராட் பீன்ஸும் வெப்பம் ஏறினால் பூக்களை உதிர்த்துவிடும். ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் உள்நாட்டிலிருந்து இறங்கும் பெர்க் காற்று ஒரே நாளில் வெப்பத்தை 30 டிகிரிக்கு மேல் கொண்டுபோய்விடும். ஆகவே காய்ப்பின் பெரும்பகுதி அதற்குள் முடிந்திருக்க வேண்டும். பிராட் பீன்ஸ் பலன் தர நான்கு, ஐந்து மாதங்கள் எடுப்பதால் டர்பன், டொங்காட், ஸ்டாங்கர் போன்ற கடலோர ஊர்களில் அதைச் சித்திரை கடப்பதற்குள் விதைப்பது நல்லது. பட்டாணிக்கு ஏறத்தாழ மூன்று மாதங்களே போதும் என்பதால் ஏப்ரல் இறுதியிலிருந்து ஜூன் நடுவரை மூன்று வாரத்துக்கு ஒரு வரிசையாக விதைத்து வரலாம். கடைசி வரிசை புரட்டாசி விரதத்துக்குச் சற்று முன்னதாகக் காய்த்து வரும். வீட்டில் கறி, மீன் சமைக்காத மாதத்தில் அடுப்படிக்கு அது பெரிய உதவி.

உறைபனி விழும் ஊர்களில் கணக்கு மாறும். லேடிஸ்மித், நியூகாசல், லெனேசியா போன்ற இடங்களில் பிராட் பீன்ஸை ஏப்ரல், மே மாதங்களிலேயே விதைக்கலாம்; இளஞ்செடி பனியைத் தாங்கி நின்று குளிர் குறையும்போது பூக்கும். பட்டாணியின் இலையும் பனியைப் பொறுத்துக்கொள்ளும், ஆனால் பூவும் பிஞ்சும் கருகிவிடும். அதனால் அங்கே ஜூலை இறுதியிலோ ஆகஸ்டு தொடக்கத்திலோ விதைத்து, பனி நின்ற பிறகு பூக்கச் செய்வதே பாதுகாப்பானது. கேப் டவுனில் குளிர்காலமே மழைக்காலம். ஏப்ரல் முதல் ஜூன்வரை விதைக்கலாம், தண்ணீர் ஊற்றும் வேலை பெரும்பாலும் மிச்சம். ஆனால் நீர் தேங்கினால் வேர் அழுகும் என்பதால் அங்கே மேட்டுப்பாத்தி அவசியம்.

பிராட் பீன்ஸ் விதையை 5 சென்டிமீட்டர் ஆழத்தில், 20 சென்டிமீட்டர் இடைவெளியில் ஊன்ற வேண்டும். பட்டாணிக்கு 4 சென்டிமீட்டர் ஆழமும் 5 சென்டிமீட்டர் இடைவெளியும் போதும். கொடி ஏறக் குச்சியோ வலையோ விதைக்கும் அன்றே நட்டுவிடுங்கள், பிறகு நட்டால் வேர் அறுபடும். இரண்டின் வேர் முடிச்சுகளிலும் வாழ்வது ஒரே வகை நுண்ணுயிர். காற்றிலுள்ள நைட்ரஜனை அது செடிக்கு உணவாக்கித் தருகிறது. ஆகவே யூரியா வேண்டாம். போட்டால் இலைதான் செழிக்கும், காய் குறையும். மக்கிய எரு போதுமானது.

குரங்குகளைப் பற்றிச் சொல்லாமல் டர்பனில் தோட்டக் குறிப்பு எழுத முடியாது. சாட்ஸ்வொர்த்திலும் ரெசர்வாயர் ஹில்ஸிலும் அவை கூட்டமாகச் சுவரேறி வந்து, பட்டாணியை நாம் பறிப்பதற்கு முதல் நாளே பறித்துவிடும். பட்டாணிப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால் பாத்தியை முழுவதும் வலையால் மூடலாம். பிராட் பீன்ஸுக்குத் தேனீ வந்தால்தான் நன்றாகக் காய் பிடிக்கும். எனவே பூக்கும் நாட்களில் தேனீ நுழையும் அளவுக்குப் பெரிய கண்ணுள்ள வலையையே கட்ட வேண்டும். அடிப்பூக்கள் பிஞ்சானதும் நுனிக்குருத்தைக் கிள்ளிவிட்டால், அங்கே மொய்க்கும் கருப்பு அசுவினி பெருமளவு குறையும்.

பிராட் பீன்ஸை முதன்முறை சமைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஜி6பிடி என்னும் நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்தப் பயறு இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். குடும்பத்தில் எவருக்கேனும் அந்தக் குறைபாடு இருப்பது தெரிந்தால் இதைத் தவிர்த்துப் பட்டாணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பலன் ஓய்ந்ததும் செடியைப் பிடுங்காமல் தண்டை மண்மட்டத்தில் வெட்டி, வேரை மண்ணிலேயே மக்க விட்டு, அக்டோபரில் அதே பாத்தியில் கத்தரியையோ மிளகாயையோ நடலாம்.