ஓதம் பார்த்துப் போங்கள்: கழிமுகப் பறவைகளை எண்ணுவதும் காப்பதும்

கழிமுகத்துக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள் பலரும் கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்புகிறார்கள். காட்டுப் பறவைகளுக்கு விடியற்காலை சரியான நேரம்தான். கரைப்பறவைகளுக்கோ நாள் ஓதத்தோடுதான், அதாவது கடல்நீரின் ஏற்ற இறக்கத்தோடுதான், தொடங்குகிறது. நீர் வடிந்து சேற்றுத்திட்டு வெளிப்பட்டால் நள்ளிரவிலும் இரை தேடும். நீர் ஏறித் திட்டை மூடிவிட்டால் பட்டப்பகலிலும் ஒற்றைக் காலில் நின்று தூங்கும். ஒரே இடத்தில் காலையில் 40 பறவையும் மூன்று மணி நேரம் கழித்து 2,000 பறவையும் இருக்கலாம். இரண்டுமே சரியான எண்ணிக்கைதான். ஆனால் ஓத நிலையைக் குறிக்காமல் எழுதினால் இரண்டாலும் பயனில்லை.

உங்கள் கழிமுகத்தின் ஓதத்தை அளந்துகொள்ளுங்கள்

பெரும்பாலான கடற்கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். ஆகவே ஏற்ற நேரம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். சில கரைகளில் நாளுக்கு ஒரே ஏற்றம்தான். ஓத அட்டவணை ஒரு துறைமுகத்துக்காகக் கணக்கிடப்பட்டது. கழிமுகத்தின் உள்பகுதியில் நீர் அதற்குப் பிறகுதான் உச்சம் தொடும். முகத்துவாரம் குறுகக் குறுகத் தாமதம் கூடும். இதை ஊகிக்க வேண்டாம். இரண்டு மீட்டர் கம்பு ஒன்றில் 10 செ.மீ.க்கு ஒரு கோடு போட்டு ஓரத்தில் ஊன்றுங்கள். ஏற்றத்துக்கு முன்னும் பின்னும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நீர்மட்டத்தைக் குறியுங்கள். நீங்கள் கண்ட உச்ச நேரத்துக்கும் அட்டவணை நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் தாமதம். அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டி ஒரு முறை, அட்டமியை ஒட்டி ஒரு முறை அளந்தால் போதும். மணல்திட்டு இடம் மாறினாலோ முகத்துவாரம் தூர்ந்தாலோ மறுபடி அளக்க வேண்டும்.

அடுத்தது நாள் தேர்வு. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஓரிரு நாள் பின்னால் வரும் பெரிய ஏற்றத்தில், பறவைகள் வழக்கமாக அடையும் மணல்திட்டும் முழுகிவிடலாம். அப்போது அவை உப்பளம், வயல், மீன்பண்ணை வரப்பு என்று எங்கெங்கோ சிதறும். அட்டமியை ஒட்டிய சிறிய ஏற்றத்திலோ சேறு முழுவதும் மூடாது. பறவைகள் திரளாமல் பரவலாக மேய்ந்துகொண்டே இருக்கும். எண்ணுவதற்கு வேண்டியது இரண்டுக்கும் நடுவிலான ஏற்றம்: சேறு முழுக வேண்டும், திட்டு மிஞ்ச வேண்டும். அந்த நீர்மட்டம் உங்கள் கம்பில் எந்தக் கோடு என்று தெரிந்துகொண்டால், மாதாமாதம் அதே மட்டத்தில் எண்ணலாம். ஒப்பிடக்கூடிய கணக்கு வேண்டுமென்றால் இதைவிட முக்கியமான வேலை வேறில்லை.

எடுத்துச் செல்ல வேண்டியவை

8x42 அல்லது 10x42 இருகண்நோக்கி, 20 முதல் 60 மடங்கு பெரிதாக்கும் ஸ்பாட்டிங் ஸ்கோப், அசையாத முக்காலி, கையில் அழுத்தி எண்ணும் டாலி கவுண்டர், பென்சில், நோட்டு. பென்சில் ஏனென்றால் உப்புக்காற்றின் ஈரத்தில் மை கசியும். வெயில் ஏறியதும் சேற்றின் மேல் கானல் அலைபாயும். அப்போது 60 மடங்கில் பார்த்தால் எல்லாக் கால்களும் ஒரே நிறம்தான். 25, 30 மடங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி நிற்பதும் அதே அளவு முக்கியம். எதிர்வெயிலில் பவளக்காலியும் பச்சைக்காலியும் வெறும் நிழல்கள்.

எண்ணும் முறை

ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் அமர்ந்துவிடுங்கள். பறவைகள் திரண்ட பிறகு நடந்து வந்தால் நீங்களே அவற்றைக் கிளப்பிவிடுவீர்கள். குறைந்தது 150 முதல் 200 மீட்டர் தள்ளியே இருங்கள். இடம் திறந்தவெளியாக இருந்தால் இன்னும் விலகியே இருக்க வேண்டும்.

50 பறவைக்குள் இருந்தால் ஒவ்வொன்றாக எண்ணலாம். திரள் பெரிதானால் முதலில் 20 பறவையை எண்ணி, அவை கண்ணில் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று மனதில் பதித்துக்கொண்டு, அந்த அளவாலேயே திரளை அளந்துகொண்டு போங்கள். ஆயிரக்கணக்கில் இருந்தால் அளவை 100 ஆக்கிக்கொள்ளலாம். திரளின் நடுப்பகுதி ஓரத்தைவிட நெருக்கமாக இருக்கும்; ஓரத்தில் எடுத்த அளவை நடுவில் வைத்தால் கணக்கு குறையும். பெரிய திரளைக் குறைத்து மதிப்பிடுவதுதான் எல்லோருக்கும் நேரும் பிழை. இதற்கு ஒரு பயிற்சி உண்டு. ஒரு பிடி அரிசியைக் கறுப்புத் துணியில் இறைத்து, ஐந்து நொடி பார்த்து எண்ணிக்கையைச் சொல்லுங்கள். பிறகு எண்ணிப் பாருங்கள். பத்து நாள் செய்தால் உங்கள் பிழை எந்தப் பக்கம், எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

கலப்புத் திரளில் இனம் பிரித்துக்கொண்டே எண்ணினால் இரண்டும் கெடும். முதலில் மொத்தத்தை எண்ணுங்கள். பிறகு ஸ்கோப்பைத் திரளின் வெவ்வேறு பத்து இடங்களில் நிறுத்தி, அந்தந்த வட்டத்துக்குள் எந்த இனம் எத்தனை என்று எழுதுங்கள். அந்த விகிதத்தால் மொத்தத்தைப் பிரியுங்கள். ஓர் எச்சரிக்கை: நீண்ட கால்களுடையவை நீரோரத்திலும் சிறியவை மேட்டிலும் நிற்கும் வழக்கம் உண்டு. பத்து இடங்களையும் ஒரே பக்கத்தில் எடுத்தால் விகிதம் தப்பாகும்.

திரள் பறந்துவிட்டால் படம் எடுத்து, வீட்டில் திரையில் கட்டம் போட்டு எண்ணலாம். இரண்டு மூன்று பேர் வெவ்வேறு இடத்தில் எண்ணும்போது, பறந்து போன ஒவ்வொரு திரளுக்கும் நேரத்தையும் திசையையும் எழுதினால் இரட்டை எண்ணிக்கையைப் பின்னால் கழித்துவிடலாம்.

குழப்பும் இனங்கள்

மூக்கன்கள் இரண்டும் நிற்கும்போது ஒன்றுபோல இருக்கும், பறக்கும்போதுதான் பிரியும். கருவால் மூக்கனுக்கு இறக்கையில் பளிச்சென்ற வெள்ளைப் பட்டையும் வாலில் கறுப்பும் உண்டு. பட்டைவால் மூக்கனுக்கு இறக்கைப் பட்டை கிடையாது, அலகு சற்றே மேல்நோக்கி வளைந்திருக்கும். அலகு கீழ்நோக்கி வளைந்த கோட்டான்களில் (ஆந்தையல்ல, இதுவும் கரைப்பறவைதான்), தலையுச்சியில் கோடுகளும் குட்டையான அலகும் இருந்தால் சின்னக் கோட்டான். பவளக்காலி பறந்தால் இறக்கையின் பின்விளிம்பில் அகலமான வெள்ளை. பச்சைக்காலிக்கு இறக்கை கறுத்திருக்கும், முதுகில் வெள்ளை ஆப்பு போல ஏறும். சாம்பல் உப்புக்கொத்தி பறக்கும்போது அக்குளில் கறுப்புத் திட்டு தெரியும். வேறு அடையாளமே வேண்டாம்.

இரை தேடும் விதமும் பெயர் சொல்லும். ஒரு சாம்பல் உப்புக்கொத்தியை ஸ்கோப்பில் ஐந்து நிமிடம் விடாமல் பாருங்கள். அசையாமல் நிற்கும். பெரிய கண்ணைச் சேற்றின் மேல் நிறுத்தித் தலையைச் சற்றே சாய்க்கும். மூன்றே எட்டு ஓடி, குனிந்து, புழுவின் நுனியைப் பிடிக்கும். பிடித்ததும் வெடுக்கென்று இழுக்காது; புழு அறுந்துவிடாதபடி நிதானமாக இழுத்து வெளியே எடுக்கும். பக்கத்திலேயே மூக்கன் கண்ணை நம்பாமல் அலகை அடிவரை செருகித் துழாவும். அலகின் நுனியை மட்டும் திறந்து ஆழத்திலேயே இரையைப் பிடிக்கும். அலகின் நீளத்துக்கேற்பத் தேடும் ஆழம் மாறுவதால்தான் ஒரே சேற்றில் இத்தனை இனங்கள் பிழைக்கின்றன. மேல்மண் இறுகினாலும் மணல் மூடினாலும் எந்த இனம் முதலில் காணாமல் போகும் என்பதையும் இதை வைத்தே கணிக்கலாம்.

ஏட்டில் என்ன எழுத வேண்டும்

தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், கம்பில் நீர்மட்டம், காற்று, வெளிச்சம், இனவாரி எண்ணிக்கை, எண்ணியதா மதிப்பிட்டதா, மேய்ச்சலா ஓய்வா. பறவையே இல்லாத பகுதிக்குப் பூஜ்யம் என்று எழுத வேண்டும். வெற்றிடமாக விட்டால், பார்க்கவில்லையா, பார்த்தும் இல்லையா என்று யாருக்கும் தெரியாது. மாதம் ஒருமுறை ஏற்றத்தில் அடையுமிடத்தையும், ஒருமுறை வற்றத்தில் மேய்ச்சல் திட்டுகளையும் எண்ணுங்கள். வலசை மாதங்களில் இதை இரட்டிப்பாக்குங்கள். ஓராண்டுக் கணக்கை வைத்துக் கூடியது, குறைந்தது என்று சொல்லிவிடக் கூடாது.

தொந்தரவுக்குத் தனிப் பத்தி போடுங்கள்: எது கிளப்பியது, எத்தனை பறந்தன, எத்தனை நிமிடத்தில் திரும்பின, திரும்பவே இல்லையா. நாய், டிரோன், படகு, நடப்பவர், வல்லூறு எல்லாம் இதில் வரும். கழிமுகத்தைக் காக்கப் பின்னால் வாதாட வேண்டி வந்தால், இனப்பட்டியலைவிட இந்தப் பத்திதான் அதிகம் உதவும்.

காக்க வேண்டியது சேறு மட்டுமல்ல

பாதுகாப்பு என்றதும் எல்லோரும் மேய்ச்சல் சேற்றைக் காட்டுகிறார்கள். ஏற்றத்தில் பறவைகள் அடையும் அந்தச் சின்ன மணல்திட்டு வரைபடத்திலேயே இருக்காது. சேறு அப்படியே இருந்தாலும், அடைய இடமில்லாவிட்டால் பறவை அந்தக் கழிமுகத்தை விட்டுப் போய்விடும். 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து கிளம்பிய பட்டைவால் மூக்கன் குஞ்சு ஒன்று, 11 நாள் எங்கும் இறங்காமல் 13,560 கி.மீ. பறந்து டாஸ்மேனியா சேர்ந்தது. இப்படிப்பட்ட பயணத்துக்கு முன் அவை உடலில் கொழுப்பை ஏற்றிக்கொள்ள வேண்டும். வீணாகக் கிளப்பிவிடும் ஒவ்வொரு முறையும் அந்தச் சேமிப்பிலிருந்துதான் செலவாகிறது. பறவைகள் தலை நிமிர்த்தி, மேய்வதை நிறுத்தி, ஒரே பக்கமாக நடக்கத் தொடங்கினால் நீங்கள் மிக நெருங்கிவிட்டீர்கள். பறக்கும் வரை காத்திராமல் வந்த வழியே பின்வாங்குங்கள்.

எனவே முதல் வேலை, அடையும் திட்டுகளை வரைபடத்தில் குறித்து, ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் அங்கே யாரும் போகாதபடி ஏற்பாடு செய்வது. நாள் முழுக்கத் தடை கேட்டால் மீன் பிடிப்பவர்கள் எதிர்ப்பார்கள், அது நியாயமும்கூட. குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் கேட்டால் பேச்சுக்கு இடமுண்டு. நீரோட்டமும் திட்டு நகர்வதும் அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். வரைபடத்தை அவர்களோடு உட்கார்ந்தே போடுங்கள்.

மணலில் முட்டையிடும் சின்ன ஆலாவுக்கும் சிறு உப்புக்கொத்திகளுக்கும் தனிக் கவனம் வேண்டும். கூடு என்பது மணலில் ஒரு குழி மட்டுமே. முட்டை மணல் நிறத்திலேயே இருக்கும். வெயில் நேரத்தில் தாய்ப்பறவையைக் கிளப்பினால் சற்று நேரத்திலேயே முட்டை வெந்துவிடும். பருவம் தொடங்கும் முன்பே, கூடுகள் வரக்கூடிய பகுதியை 50 மீட்டருக்குக் குறையாத இடைவெளி விட்டுக் கம்பும் கயிறும் கட்டி மறித்துவிடுங்கள். கூட்டுக்குப் பக்கத்தில் குச்சியோ கொடியோ நடாதீர்கள். அந்த அடையாளத்தைக் காக்கை கற்றுக்கொள்ளும். உங்கள் காலடித் தடமும் நாய்க்கும் நரிக்கும் வழிகாட்டும்.

நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் பெரிய கெடுதி, திறந்த சேற்றுத்திட்டில் அலையாத்தி நடுவது. அலையாத்தி இயல்பாக வளர்வது சராசரி கடல்மட்டத்துக்கு மேலே. அதற்குக் கீழே நட்டால் நாளின் பெரும்பகுதி முழுகிக் கன்று சாகும். தப்பிப் பிழைத்தாலோ மூக்கனும் கோட்டானும் மேய்ந்த வெளி அடைபட்டுப்போகும். முன்பு அலையாத்தி இருந்து அழிந்த இடத்தில், முதலில் நீர்வழியைத் திறந்துவிடுங்கள். விதைகள் பெரும்பாலும் தாமாகவே வந்து ஊன்றும்.

வற்றத்தில் அறுந்த தூண்டில் நரம்பையும் கைவிடப்பட்ட வலையையும் பொறுக்குங்கள். சிக்கிய பறவையின் மேல் துணியைப் போர்த்திக் கண்ணை மூடினால் அடங்கும். நரம்பை இழுக்காமல் வெட்டுங்கள். விழுங்கிய தூண்டில் முள்ளைப் பிடுங்கக் கூடாது, மருத்துவரிடம் சேருங்கள். செத்த பறவைகள் பல ஓரிடத்தில் கிடந்தால் தொடவே வேண்டாம். எச்5என்1 பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். படம் எடுத்துக் கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.

சேற்றில் தனியாக இறங்காதீர்கள். கால் புதைந்தால் உந்தி எழ முயன்றால் இன்னும் புதையும். பின்னால் சாய்ந்து எடையைப் பரப்பி, ஒரு காலை மெல்ல அசைத்து அசைத்து விடுவித்து, பிறகு அடுத்த காலை எடுங்கள். ஏற்றம் நேராக முன்னால் வராது. உங்கள் முதுகுக்குப் பின்னுள்ள ஓடைதான் முதலில் நிரம்பும்.

கணக்கை எங்கே சேர்ப்பது

ஒவ்வொரு எண்ணிக்கையையும் ஈபேர்ட் (eBird) என்னும் பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றுங்கள். ஜனவரிக் கணக்கை ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கும் கொடுங்கள்; அது 1987 முதல் நடக்கிறது. காலில் வண்ணக்கொடியோ வளையமோ கண்டால் எந்தக் கால், எந்த நிறம், மேலே எது கீழே எது, எழுத்து என்ன என்று அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். நினைவில் நிறம் இடம் மாறிவிடும்.

ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச ராம்சர் உடன்படிக்கையில் இரண்டு அளவுகோல்கள் உங்களுக்கு நேரடியாகப் பயன்படும்: ஓர் ஈரநிலம் 20,000 நீர்ப்பறவைகளையோ, ஓர் இனத் தொகையில் 1 சதவீதத்தையோ தொடர்ந்து தாங்கினால் அது உலக முக்கியத்துவம் வாய்ந்தது. 'தொடர்ந்து' என்பதைக் காட்டத்தான் பல ஆண்டுக் கணக்கு வேண்டும். கழிமுகத்தை மூடும் திட்டம் வரும்போதெல்லாம் 'பறவைகள் பக்கத்துக்குப் போய்விடும்' என்பார்கள். தென்கொரியாவின் சேமன்கம் கழிமுகத்தை 33 கி.மீ. கடல்சுவர் கட்டி 2006இல் மூடியபோதும் அதையே சொன்னார்கள். அங்கே திரண்டுவந்த கிரேட் நாட் உள்ளான்கள் பக்கத்துக் கழிமுகங்களில் அந்த அளவுக்குக் கூடவில்லை. அவை குளிர்காலத்தைக் கழிக்கும் ஆஸ்திரேலியக் கரைகளிலும் எண்ணிக்கை சரிந்தது. சுவருக்கு முன்னும் பின்னும் அந்த இடத்திலும் அக்கம்பக்கத்திலும் ஆட்கள் எண்ணி வைத்திருந்ததால்தான் இது தெரிந்தது. அதனால் உங்கள் கழிமுகத்தை எண்ணும்போது, பக்கத்துக் கழிமுகத்தையும் அதே நாளில், அதே ஏற்றத்தில் எண்ண ஓர் ஆளைப் பிடித்துவிடுங்கள்.